நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா

இந்த மலையில் மனநல வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். "சின்ன வயசுக் காயத்தோட ஒருத்தர் வந்தா யார்கிட்ட அனுப்புறது மேடம்?" ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். நான் ஓய்வு பெற்றபோது கையில் இருந்த எண்களில் பாதி இப்போது வேலை செய்யாது. சிலர் ஊர் மாறிவிட்டார்கள், சிலர் தொழிலையே விட்டுவிட்டார்கள். அதனால் பெயர் கொடுப்பதை விட ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளை விஜி என்று அழைக்கிறேன். அது அவள் பெயரில்லை.

நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் நடந்தது. மழைக்காலம். காலையில் எங்கள் மருத்துவமனை வாசலில் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது. சாரல் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் முழுக்க இறக்கிவிடப்பட்டிருந்தன. முன் இருக்கையில் ஒரு பெண் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் பாண்டி மட்டும் உள்ளே வந்தார். பெருமாள்மலையிலிருந்து கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு ஓட்டுகிறவர்.

"மேடம், தூக்க மாத்திரை மட்டும் குடுங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்குற மாதிரி இருந்தாப் போதும்."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"அன்னைக்கு ரெண்டாவது சிட்டிங். மாஸ்டர் முழுசாச் சரி பண்ணிருவாரு."

எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. மாத்திரை எழுதுவது மருத்துவரின் வேலை, நான் சமூகப் பணியாளர், முதலில் உங்கள் மனைவியைப் பார்க்கிறேன் என்றேன். "அவ உள்ள வரமாட்டா மேடம்," என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். ஓட்டுநர் இருக்கையில் ஏறியதும் விஜி சொன்ன முதல் வார்த்தை: "கதவச் சாத்தாதீங்க மிஸ்." ஒரு காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டே உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் என் சேலையின் ஒரு பக்கம் பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது.

விஜியின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை. அப்பா இறந்ததும், எட்டு வயதில், சமவெளியில் ஒரு பெரிய ஊரில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ள அவளை அனுப்பினார்கள். வீட்டுக்காரர்கள் வெளியே போகும்போதெல்லாம் அவளைப் பின்கட்டுக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். ஒரு முறை வெளியூர் போய்விட்டு மறுநாள்தான் திறந்தார்கள். பிறகு எப்படியோ அம்மா போய் அழைத்து வந்துவிட்டார். விஜி வளர்ந்தாள், கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தை பிறந்தது. கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. குளியலறைக் கதவில் ஒரு பக்கெட்டை அண்டக் கொடுத்துக்கொண்டு வருடக்கணக்காக அந்த வேலையைச் செய்தாள். உடன் வேலை பார்த்தவர்களுக்கு அது அவளுடைய ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

அந்த வருடம், துணிகள் அடுக்கும் அறைக்குள் அவள் இருப்பது தெரியாமல் யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் திறந்தும் விட்டார்கள். அதற்குள் ஜன்னல் கண்ணாடியைக் கையால் உடைத்திருந்தாள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. வீட்டில் எந்தக் கதவும் மூடக் கூடாது. மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளி வேனின் கதவைச் சாத்துவதைப் பார்க்க முடியாமல் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டாள்.

யாரோ நல்ல எண்ணத்தில்தான் மாஸ்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே, பைன் மரங்களுக்கு நடுவே ஒரு பங்களாவில் முகாம் நடத்துகிறவர். பணம் வாங்காமல், சேவையாகவே அவளைச் சேர்த்துக்கொண்டாராம். போர்வையால் முகத்தை மூடி, இருட்டறையில் படுக்க வைத்து, "அந்த வீட்டுக்குத் திரும்பிப் போ, அந்தக் குழந்தையா அழு," என்றிருக்கிறார். சுற்றி இருந்தவர்களும் அழுதார்களாம்.

"அழுது தீத்தேன் மிஸ். ரெண்டு நாள் ஒடம்பு பஞ்சு மாதிரி இருந்துச்சு. தூங்குனேன்."

"அப்புறம்?"

பாண்டிதான் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி சொன்னார். "அப்புறம் முன்னவிட மோசம் மேடம். பிள்ள பின்னால வந்து கையப் பிடிச்சிச்சு. யாருன்னு தெரியாம ஓங்கி அறைஞ்சுட்டா. மாஸ்டர்கிட்டச் சொன்னோம். காயத்தத் தெறந்தாச்சு, பாதியில விட்டா அது பிள்ளைக்குப் போயிரும்ங்கறாரு."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பயிற்சிக்கு வந்தவர்களிடம் கேட்டால், அந்த ஆள் போலி, போகாதீர்கள் என்று சொல்லிவிடுவேன் என்கிறார்கள். எனக்கும் நாக்கு நுனி வரை அதுதான் வந்தது. ஆனால் அவள் தன் கதையை முதன்முதலாகச் சொன்னது அந்த ஆளிடம்தான். பல நாட்களுக்குப் பிறகு அவளைத் தூங்க வைத்ததும் அவர்தான். நான் அவரை ஏசினால், அவள் என்னிடம் வருவதை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போவாள். மாவட்டத்திலிருந்து மனநல மருத்துவர் மலைக்கு வரும் நாளோ அடுத்த வாரம்தான். வராந்தாவுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். உட்கார முடியவில்லை.

கடைசியில் வண்டிக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன்: "விஜி, ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவ அவரப் பாக்கப் போகலாம். நானும் வர்றேன். நான் ஒண்ணும் பேசமாட்டேன். நீங்க ரெண்டு விஷயம் மட்டும் கேளுங்க. என்ன படிச்சிருக்காருன்னு கேளுங்க. நடுவுல என்னால முடியல, நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்துவாரான்னு கேளுங்க. பதில் உங்களுக்குப் பிடிச்சிருந்தா நான் தடுக்கல."

பதில் அவளுக்குப் பிடித்துவிட்டால்? அப்படியும் நடக்கலாம் என்று தெரிந்துதான் சொன்னேன். சொன்ன சொல்லை மீறக் கூடாது என்பதும் தெரியும்.

மறுநாள் போனோம். மாஸ்டர் கெட்டவராகத் தெரியவில்லை. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய குரல், வெள்ளைச் சட்டை, எங்களுக்கு எலுமிச்சைப்புல் டீ வேறு கொடுத்தார். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள். விஜி வராந்தாவிலேயே நின்றுகொண்டு, ஒப்பிக்கிற மாதிரி, என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். "வலியப் புரிஞ்சுக்க டிகிரி எதுக்கும்மா? நானே அந்த வலிய அனுபவிச்சவன். லைஃப்தான் என் யுனிவர்சிட்டி."

விஜிக்கு அது பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பாண்டியும் தலையாட்டினார். நான் டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"நடுவுல எனக்கு ஏலாமப் போயி, நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்துவீங்களா?"

"நிறுத்தச் சொல்றது நீங்க இல்லம்மா. உங்களுக்குள்ள இருக்குற பயம். உங்க பேச்ச நான் கேப்பேன். உங்க பயத்தோட பேச்சக் கேக்க மாட்டேன்."

இவ்வளவு அழகாக ஒரு தவறான பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. பாண்டிக்கு அது ஞானமாகவே பட்டிருக்கும். விஜி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி வண்டியை நோக்கி நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"ஏ விஜி, என்னாச்சு? நல்லாத்தான சொன்னாரு?" என்றார் பாண்டி.

"அந்த வீட்டம்மாவும் நான் தட்டுனா தெறக்க மாட்டாங்க," என்றாள் அவள். "தட்டுறத நிறுத்துனாத்தான் தெறப்பாங்க."

பாண்டி அதற்குப் பிறகு மாஸ்டரைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒரு வாசலை மூடிவிட்டோம். இனி நல்ல ஒன்றைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நானும் அவளை அந்தரத்தில் விட்டவளாவேன். அடுத்த வாரம் மாவட்ட மருத்துவர் வந்தார். அவளை வெளியே மரத்தடியில் நின்றே பார்த்தார். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் மாத்திரை கொடுத்தார். "இது அலையக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். இந்த மாதிரிக் காயத்துக்குன்னே பயிற்சி எடுத்த சைக்காலஜிஸ்ட் வேணும். என்னால வாரம் ஒரு மணி நேரம் இவங்களோட உக்கார முடியாது," என்று ஒளிக்காமல் சொன்னார்.

தேடத் தொடங்கினேன். எங்கள் கட்டடத்துக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும். வேலை முடிந்ததும் சாலையில் நடந்துகொண்டே போன் பேசுவேன். பலகை மாட்டியவர்கள் ஏராளம். சில வாரப் பயிற்சி முடித்துவிட்டு ஆலோசகர் என்று போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் போனிலேயே "என்ன ஆச்சு, யார் என்ன பண்ணாங்க, முழுசாச் சொல்லுங்க," என்றார். இன்னொருவர் ஆளைப் பார்க்காமலே, இத்தனை வாரத்தில் குணமாகிவிடும் என்று உறுதி கொடுத்தார். நான் பதிவு பெற்றவரா என்று கேட்டதும் ஒரு பெண்மணி கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். இவர்களில் யாரும் அயோக்கியர்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் எனக்கு ஒன்றுதான் தோன்றும். இவர்களில் ஒருவரிடம் விஜி தானாகவே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

பெங்களூரில் ஒருவர் கிடைத்தார். மருத்துவ உளவியலில் முறையான படிப்பு, அரசுப் பதிவு, குழந்தைப் பருவக் காயங்களில் நீண்ட அனுபவம். வீடியோவில் பார்ப்பார். தமிழ் கொஞ்சம் தெரியும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிக்னல் நன்றாக இருக்கிற ஒரு வளைவில் பாண்டி வண்டியை நிறுத்தினார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, போனை முன்னால் சாய்த்து வைத்துவிட்டு, நானும் பாண்டியும் தள்ளிப் போய் நின்றோம். அரை மணி நேரம் கழித்து விஜி போனை என்னிடம் நீட்டினாள்.

அந்த உளவியலாளர் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னதன் சாரம் இதுதான்: "இவங்களுக்கு நான் சரியான ஆள் இல்ல. எனக்குப் புரியணும்னு அவங்க தன் வார்த்தைகள மாத்தி மாத்திச் சொல்றாங்க. அந்தச் சுமைய அவங்க மேல ஏத்தக் கூடாது. பேச்சு நடுவுல லைன் கட் ஆனா, இந்த நிலைமையில அவங்க தனியா நின்னுடுவாங்க. நேர்ல பாக்குற, தமிழ்ல பேசுற ஒருத்தர் வேணும்." தனக்குத் தெரிந்த இரண்டு பேரைச் சொன்னார். விஜியிடமும் இதையே தமிழில் தடுமாறித் தடுமாறிச் சொல்லியிருக்கிறார்.

பல வருட வேலையில் நான் பார்த்த மிக நல்ல தொழில் நேர்மை அது. என்னால் முடியாது என்று சொல்லத் தெரிந்தவரைக் கண்டால் அவர் பரிந்துரைக்கிற ஆளை நம்பலாம். ஆனால் விஜிக்கு அப்படியா கேட்டிருக்கும்?

அன்று மத்தியானமே பாண்டி போன் செய்தார். "மேடம், அவளக் காணோம். பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருக்கா. போன் வீட்டுலயே கெடக்கு. வெரசா வாங்க."

மருத்துவமனை ஜீப்பை எடுத்துக்கொண்டு பெருமாள்மலைக்குப் போனேன். இறங்குகிற பாதையில் ஒருவர் பார்த்ததாகச் சொன்னார். மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவருக்கு அப்பால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச தூரம் கீழே, சாலையோரப் பழக்கடை ஒன்றின் தார்ப்பாய்க்குக் கீழே, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தது. அய்யம்பாளையத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பியிருக்கிறாள். பஸ்ஸில் ஏற முடியாமல் நடந்திருக்கிறாள். மலையிலிருந்து தரை வரை, குழந்தையோடு, நடந்தே.

பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தையைப் பழக்காரம்மா கூப்பிட்டு வைத்துக்கொண்டார்.

"படிச்ச அந்தம்மாவுக்கே என்னைய ஏலாதாம்," என்றாள் விஜி. "அப்ப நான் யாருக்கும் ஏலாதவ."

அந்த இடத்தில் சமாதானம் சொல்ல வாய் துடிக்கும். சொல்லாதீர்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். "விஜி, செத்துரணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள். அப்படி இல்லை. அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல் அது.

"சாகணும்னு இல்ல மிஸ். பிள்ள இருக்கே. ஆனா ஒரு பாட்டம், கொஞ்ச நேரமாவது, எல்லாம் நின்னுட்டா நல்லாருக்கும்னு வருது."

"அது வரும்போது என்ன செய்றீங்க?"

"அம்மாகிட்டப் போகணும்னு தோணும். அதான் நடந்தேன்."

நல்லது, அம்மாவை இங்கே வரச் சொல்வோம் என்றேன். அன்று மாலைக்குள் அம்மா வந்துவிட்டார். மாத்திரைகளைப் பாண்டி தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். மாவட்ட மருத்துவரிடம் போனில் பேசினேன். விஜியைத் தனியாக விடக் கூடாது என்றார். அன்றாடம் காலையில் நான் கூப்பிடுவதாகவும், அந்த எண்ணம் மறுபடி வந்தால் எந்த நேரமானாலும் அவளே சொல்வதாகவும் ஒப்புக்கொண்டோம். பெங்களூர்க்காரர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அதன் பிறகுதான், அவள் ஒரு வாய் சோறு சாப்பிட்ட பின், மெதுவாக எடுத்துச் சொன்னேன். "உங்கள வேணாம்னு சொல்லல. உங்களுக்கு அவங்க போதாதுன்னு சொன்னாங்க." நம்பவில்லை. ஆனால் இன்னொரு முறை முயல்வதற்குத் தலையாட்டினாள்.

பெங்களூர்க்காரர் சொன்ன இருவரில் ஒருவர் திண்டுக்கல்லில் இருந்தார். நான் போன் செய்ததும் தன் படிப்பையும் பதிவையும் நான் கேட்காமலே சொன்னார். விஜியின் கதையைக் கேட்கவே இல்லை. "அவங்களே எப்ப சொல்லணுமோ அப்பச் சொல்லட்டும்," என்றார். "எந்த மாதிரி இடத்துல அவங்களுக்குக் கஷ்டம்னு மட்டும் சொல்லுங்க, நான் தயாரா இருக்கேன்."

பாண்டி வண்டியிலேயே, கண்ணாடியை இறக்கிவிட்டு, கூட்டிப்போனோம். அம்மாவும் வந்தார். தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை. கதவு திறந்து கிடந்தது. ஜன்னலும் திறந்து கிடந்தது. வேறு யாருக்கும் காதில் விழாதபடி அந்த நேரத்துக்கு வேறு ஆளை வரச் சொல்லாமல் விட்டிருந்தார். "எங்க உக்காந்தா வசதியோ அங்க உக்காருங்க," என்றார். விஜி நிலைப்படியில் உட்கார்ந்தாள். அவர் நாற்காலியை விட்டு இறங்கி, கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

நாங்கள் எழுந்து வெளியே போவதற்குள் விஜி கேட்டுவிட்டாள். "நான் நிறுத்தச் சொன்னா நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவேன். சொல்ல வாய் வரலைன்னா கையக் காட்டுங்க, அதுக்கும் நிறுத்துவேன். இப்பவே ஒரு தடவ செஞ்சு பாக்கலாமா? நான் ஏதாவது பேசுறேன், நீங்க நிறுத்துங்க."

அவர் தன் ஊரில் தண்ணீர் வராத கதையைச் சொல்லத் தொடங்கினார். விஜி கையைத் தூக்கினாள். பாதி வார்த்தையில் பேச்சு நின்றது. விஜி மறுபடி பேசச் சொன்னாள், மறுபடி நிறுத்தினாள். என்னையும் பாண்டியையும் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க," என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். முதல் சில மாதம் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. எப்படி மூச்சை நிதானப்படுத்துவது, எப்படித் தூங்குவது, குழந்தையை எப்படிப் பள்ளிக்கு அனுப்புவது, இவைதான். பாண்டிக்குப் பொறுமை போயிற்று. "சும்மா பேசிட்டு இருக்காங்க மேடம், சோலியப் போட்டுட்டு மாசம் ரெண்டு தடவ எறங்கி ஏறுறேன்," என்பார். ஆனாலும் வெள்ளனே எழுந்து வண்டியை எடுப்பார். பள்ளி வேனின் பின்னாலேயே அவள் பாண்டியின் வண்டியில் போன நாட்கள் உண்டு. ஒரு வாரம் நன்றாக இருப்பாள். அடுத்த வாரம் மறுபடி ஆரம்பத்துக்கே வந்துவிட்டதாகத் தோன்றும். நானும் பலமுறை, தவறான ஆளிடம் அனுப்பிவிட்டேனோ என்று தவித்திருக்கிறேன். ஒரு நாள் அந்த உளவியலாளரிடமே கேட்டேன். அவர் வருத்தப்படவில்லை. "எனக்கும் அந்தச் சந்தேகம் வரும். மூத்தவங்க ஒருத்தர்கிட்ட என் வேலையக் காட்டி யோசனை கேட்டுட்டுத்தான் இருக்கேன். விஜிக்கும் அது தெரியும்," என்றார். அன்று கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.

கதையை அவள் எப்போது, எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

போன கோடையில், ஓய்வு பெற்ற பிறகு, பெருமாள்மலையில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். யாரோ "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். விஜி. தனியாக வந்திருந்தாள். ஓட்டல் வேலையை விட்டுவிட்டாளாம், இப்போது ஒரு நர்சரியில் செடி பார்க்கிறாளாம். மகள் வகுப்பில் சண்டைக்காரி என்று பெயரெடுத்திருக்கிறாளாம். சொல்லிச் சிரித்தாள். திண்டுக்கல்லுக்கு இன்னும் போகிறாயா என்று கேட்டேன்.

"போறேன் மிஸ். போன தடவ சண்ட போட்டுட்டேன்."

"யாரோட?"

"அவங்களோடதான். ரெண்டு தடவ வரச் சொல்லிட்டு நாள மாத்திட்டாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. நீங்க சொன்ன நாள்ல நான் எவ்வளவு கஷ்டப்பட்டு வர்றேன் தெரியுமான்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டுட்டேன். சத்தமா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஆமா, என் தப்புத்தான்னாங்க. அவ்வளவுதான். திட்டவும் இல்ல, மூஞ்சியத் திருப்பிக்கவும் இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வியாழக்கெழம வரச் சொல்லியிருக்காங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "போவேன். இன்னும் கொஞ்சம் திட்டு பாக்கி இருக்கு."